தண்ணீர் எல்லோருக்கும் பொதுதான்... கயிறு கட்டத்தான் இடமில்லை!

ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 27 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்று மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. அதில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். காலையிலிருந்து நாலு மணி நேரம் வெயிலில் வந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பசி. எதிரே கரையில் ஓர் அழகான ஊர். நண்டு வேகும் வாசனைகூடக் காற்றில் வருகிறது. ஊருக்குள் ஹோட்டல் இருக்கிறது, ஐஸ்கிரீம் கடை இருக்கிறது, மருந்துக் கடை இருக்கிறது. கரை நெடுக ஜெட்டிகளும் வரிசையாக நிற்கின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. "தனியார் இடம்." "உறுப்பினர்களுக்கு மட்டும்." "வாடிக்கையாளர்களுக்கு மட்டும், இரண்டு மணி நேரம்."

என்ன செய்வார்கள்? கொஞ்சம் தள்ளி நங்கூரத்தைப் போட்டுவிட்டு, கையில் இருக்கிற பிஸ்கட்டைப் பிரித்துத் தின்றுகொண்டே, நூறு அடி தூரத்தில் இருக்கும் ஊரை வேடிக்கை பார்ப்பார்கள்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் அந்தப் பலகைகள் கற்பனை இல்லை.

"பாய்மரப் படகில் ஜாலியாகப் போகிறவனுக்குச் சாப்பிட இடம் கிடைக்கவில்லையாம், ஐயோ பாவம்!" என்று சிரிப்பு வரும். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கடல் யாருடையது? எல்லோருடையதும் என்பீர்கள். தெரு யாருடையது? அதுவும் எல்லோருடையதும்தான். அப்படியானால் எல்லோருக்கும் சொந்தமான தண்ணீரிலிருந்து எல்லோருக்கும் சொந்தமான தெருவுக்குப் போக, நடுவில் இருக்கிற பத்தடிக்கு மட்டும் ஏன் யாரோ ஒருவருடைய தயவு வேண்டும்?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பார்கள். செசபீக்கில் நடப்பது அச்சு அசலாக அதுதான். சட்டம் வரம் கொடுத்துவிட்டது. கரைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். செசபீக் விரிகுடா அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களுக்குள் சுமார் 200 மைல் நீளத்துக்குப் புகுந்து கிடக்கும் உப்பும் நன்னீரும் கலந்த நீர்ப்பரப்பு. அகலம் பெரிதாக இல்லை. ஆனால் அதில் வந்து விழும் ஆறுகள், ஓடைகள், அவற்றின் கிளைகள் என்று எல்லா வளைவு நெளிவையும் சேர்த்து அளந்தால் கரையின் நீளம் 11,684 மைல். அமெரிக்காவின் மேற்குக் கரை முழுவதையும் விட அதிகம்! சராசரி ஆழமோ வெறும் 21 அடி. ஆறடி உயர மனிதர் தொப்பி நனையாமல் நடந்தே கடக்கக்கூடிய ஆழமற்ற பகுதி மட்டும் 7 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள்.

பாய்மரப் படகுக்காரர்களுக்கு இது சொர்க்கம். மேரிலாந்தின் தலைநகரமான அனாபலிஸ் தன்னை அமெரிக்காவின் பாய்மரத் தலைநகர் என்றே சொல்லிக்கொள்கிறது. நீல நண்டு இந்தத் தண்ணீரின் செல்லப் பிள்ளை. மசாலா தூவி ஆவியில் வேகவைத்து, மேஜைமேல் பழுப்புக் காகிதத்தை விரித்து, அதன்மேல் கொட்டிவிடுவார்கள். தட்டு கிடையாது. மரச் சுத்தியலால் உடைத்து உடைத்துத் தின்ன வேண்டியதுதான். அந்த மசாலாவில் பேர் போன ஓல்ட் பே, ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி பால்டிமோருக்கு வந்த குஸ்தாவ் ப்ரன் என்பவர் கலந்தது. ஆக, படகை ஓட்டிக்கொண்டு போய், ஏதாவது ஓர் ஊரில் கட்டிவிட்டு, நண்டு தின்றுவிட்டு, சாயங்காலக் காற்றில் திரும்புவது அங்கே ஒரு வாழ்க்கை முறை.

சிக்கல் அந்த "கட்டிவிட்டு" என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

இந்த 11,684 மைல் கரையில் பொதுமக்கள் போய்வர முடிவது சுமார் 2 சதவீதம்தான் என்று கணக்குச் சொல்கிறார்கள். மீதி எல்லாம் வீடு, பண்ணை, கிளப், அடுக்குமாடிக் குடியிருப்பு, ராணுவத் தளம். அரசுகளுக்கு இது தெரியாமல் இல்லை. 2014இல் விரிகுடாவைச் சுற்றியுள்ள மாநிலங்களும் மத்திய அரசும் போட்ட ஒப்பந்தத்தில், 2025க்குள் 300 புதிய பொது இடங்களைத் திறப்பது என்று இலக்கு வைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பொது இடம் என்று அவர்கள் எண்ணும் கணக்கில் மீன் பிடிக்கும் மேடையும் சேரும், பறவை பார்க்கும் இடமும் சேரும், டிரெய்லரில் கொண்டுவரும் படகை இறக்கும் சரிவுப் பாதையும் சேரும். சரிவுப் பாதை என்பது தரையிலிருந்து தண்ணீருக்குப் போகிறவனுக்கு. தண்ணீரிலிருந்து தரைக்கு வருகிறவனுக்கு அது எதற்கு? நாலைந்து அடி ஆழத்துக்கு மீன் செட்டை மாதிரி கீல் நீட்டிக்கொண்டிருக்கும் பாய்மரப் படகு அதன் பக்கத்திலேயே வர முடியாது. வீட்டுக்குள்ளிருந்து வெளியே போக மட்டும் வழி வைத்துவிட்டு வாசல் கட்டியாயிற்று என்று சொல்வது போல இருக்கிறது இது.

இனி சட்டத்தைப் பார்க்கலாம். இங்கேதான் வேடிக்கை.

மேரிலாந்தில் சராசரி ஓதக் கோட்டுக்குக் கீழே இருக்கும் நிலம், அதாவது தண்ணீர் ஏறும்போது மூழ்குகிற நிலம், மாநில அரசுடையது. பக்கத்து வர்ஜீனியாவில் கரைக்காரரின் சொத்து தண்ணீர் வடியும் கோடு வரைக்கும் நீள்கிறது. இரண்டு இடத்திலும் அதற்கு அப்பால் இருக்கும் தண்ணீரில் படகு ஓட்ட எல்லோருக்கும் உரிமை உண்டு. இதற்குப் பின்னால் இருப்பது பொது அறக்கட்டளைக் கோட்பாடு என்கிற பழைய சட்டத் தத்துவம். நீர்நிலைகளை அரசு தன் சொத்தாக வைத்திருக்கவில்லை, மக்களுக்காக அறங்காவலராக இருந்து பார்த்துக்கொள்கிறது என்பது இதன் சாரம். கோயில் நிலத்துக்கு தர்மகர்த்தா மாதிரி. பார்த்துக்கொள்ளலாம், விற்றுத் தின்னக் கூடாது.

சும்மா ஏட்டுச் சுரைக்காய் இல்லை இது. 1869இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் சிகாகோ துறைமுகத்தின் அடிநிலத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் இல்லினாய் சென்ட்ரல் என்ற ரயில்வே கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தது. நாலு வருஷத்தில் புத்தி வந்து 1873இல் திரும்ப எடுத்துக்கொண்டது. கம்பெனி விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1892இல் தீர்ப்பு வந்தது. மக்களுக்காக வைத்திருக்கும் துறைமுகத்தை அப்படி ஒரு கம்பெனிக்குத் தாரை வார்க்கும் அதிகாரமே சட்டமன்றத்துக்குக் கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் இந்தக் கோட்பாட்டின் பாட்டன் இன்னும் பழையவர். கி.பி. 533இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கென்றே ஒரு பாடநூலை வெளியிட வைத்தார். காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் இயற்கையாகவே எல்லோருக்கும் பொது என்று அதில் இருக்கிறது. இதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்குச் சற்றுக் கீழே இருக்கிற இன்னொரு விதியைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆற்றங்கரை பக்கத்து நிலத்துக்காரனுக்குச் சொந்தமாகவே இருக்கலாம், கரையில் நிற்கும் மரமும் அவனுடையதாகவே இருக்கலாம். ஆனாலும் அங்கே படகை ஒதுக்கவும், அந்த மரத்தில் கயிறு கட்டவும், சுமையை இறக்கி வைக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது அந்த விதி. ஆற்றில் படகு விடுவதற்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை!

கவனித்தீர்களா? தண்ணீரில் போகும் உரிமையும் கயிறு கட்டும் உரிமையும் ஒன்றில்லாமல் ஒன்று இல்லை என்பது ரோமாக்காரர்களுக்கு 1,500 வருஷத்துக்கு முன்பே புரிந்திருக்கிறது. சொத்துரிமையை அவர்கள் ஒழிக்கச் சொல்லவில்லை. மரம் உன்னுடையது, கயிறு கட்டுவதை மட்டும் தடுக்காதே என்றார்கள். பின்னால் வந்தவர்கள் தண்ணீரை வாங்கிக்கொண்டு கயிற்றைத் தொலைத்துவிட்டார்கள்.

"அதுதான் ஹோட்டல்கள் ஜெட்டி போட்டு வைத்திருக்கின்றனவே?" என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். ஊர்க் கூட்டங்களில் பொதுத்துறை வேண்டும் என்று யாராவது எழுந்து சொன்னால், உடனே வரும் சமாதானமும் இதுதான். செசபீக்கில் இதற்குப் பேரே இருக்கிறது, டாக் அண்ட் டைன். படகைக் கட்டு, சாப்பிடு, கிளம்பு. படகுக்காரர்களும் எந்த ஊரில் எந்த ஹோட்டலில் ஜெட்டி இருக்கிறது, எத்தனை அடி ஆழம், என்ன கிடைக்கும் என்று பட்டியல் போட்டுக் கைமாற்றிக்கொள்கிறார்கள். அதில் ஒரு சந்தோஷம்.

அந்தப் பட்டியலை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்தால் உண்மை தெரியும். அது உரிமைப் பட்டியல் இல்லை, தயவுப் பட்டியல்.

ஹோட்டல்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் மரத்தூண் இறக்குவது சாதாரணச் செலவா? குளிர்காலத்தில் பனிக்கட்டி தூணைப் பிடித்து ஆட்டும். புயல் வந்தால் பலகை பறக்கும். யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கு. இன்சூரன்ஸ் வேறு. இத்தனையும் செய்துவிட்டு, சாப்பிட வருகிறவனுக்கு மட்டும்தான் ஜெட்டி என்று அவர் சொன்னால் அது நியாயம். அவர் நடத்துவது வியாபாரம், தர்ம சத்திரம் இல்லை.

ஆனால் ஒரு வியாபாரியின் வியாபாரத் தந்திரத்தை ஊரின் வாசல் என்று சொல்லிக்கொள்வதுதான் அநியாயம். யோசித்துப் பாருங்கள். மருந்து வாங்க வந்தவன் ஒரு டஜன் நண்டு வாங்க வேண்டுமா? அதுவும் மெனுவில் நண்டுக்கு எதிரே விலை இருக்காது, "மார்க்கெட் விலை" என்றுதான் இருக்கும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்த குடும்பம் நூலகத்தையோ மியூசியத்தையோ பார்க்க வேண்டும் என்றால்? திங்கட்கிழமை ஹோட்டலுக்கு விடுமுறை என்றால்? செசபீக்கில் கோடை மாலைகளில் திடீர் திடீரென்று இடிமழை வரும். பத்து நிமிஷத்தில் வானம் கறுத்து, காற்று படகைச் சாய்த்துவிடும். அந்த நேரத்தில் ஒதுங்க வருகிறவனிடம் "எத்தனை பேர், டேபிள் வேண்டுமா" என்றா கேட்பது?

இன்னொன்று. ஹோட்டல் ஜெட்டிகள் பெரும்பாலும் மோட்டார் படகுகளை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. அவற்றுக்கு ரெண்டு மூணு அடி தண்ணீர் இருந்தால் போதும். பாய்மரப் படகுக்குப் போதாது. செசபீக்கின் மேல்பகுதியில் ஓதம் ஒரு அடி, ஒன்றரை அடிதான் ஏறி இறங்கும். ஆனால் வடமேற்குக் காற்று ஒரு நாள் முழுக்க அடித்தால் தண்ணீரையே தெற்கே தள்ளிக்கொண்டு போய்விடும். சாப்பிடப் போகும்போது மிதந்த படகு, கைகழுவிவிட்டு வரும்போது சேற்றில் உட்கார்ந்திருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. ஹோட்டல் விற்கப்பட்டால் அந்த ஜெட்டியும் சேர்ந்து போய்விடும். கரையோர நிலத்துக்கு இருக்கும் விலையில், இட்லி விற்றாலும் நண்டு விற்றாலும் அடுக்குமாடி கட்டி விற்பதில் வரும் காசு வராது. வரியும் நிலத்தின் சந்தை மதிப்பை வைத்துத்தான் போடுகிறார்கள். பக்கத்தில் நாலு பணக்கார வீடு வந்தால் நண்டுக் கடைக்கும் வரி ஏறும். ஒரு நாள் முதலாளி கையெழுத்துப் போடுவார். மறுநாள் அங்கே "குடியிருப்போர் மட்டும்" பலகை. முப்பது வருஷமாக ஓர் ஊருக்கு வாசலாக இருந்தது ஒரே கையெழுத்தில் சுவராகிவிடும். யாரும் எதுவும் கேட்க முடியாது, ஏனென்றால் அது என்றைக்குமே உரிமையாக இருந்ததில்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. வடக்கே மெய்ன் மாநிலத்தைப் பாருங்கள். தீவுகளையும் சேர்த்து 5,000 மைலுக்கு மேல் கடற்கரை. அதில் மீனவர்கள் தொழில் செய்யப் படகு கட்டும் கரை வெறும் 20 மைல்தான் மிச்சம் என்று கணக்கெடுத்தபோது மாநிலமே அதிர்ந்தது. 2005இல் வாக்கெடுப்பு நடத்தி, மீன்பிடித் தொழில் நடக்கும் கரை நிலத்துக்கு மாளிகை மதிப்பில் இல்லாமல் அதன் தற்போதைய பயன்பாட்டு மதிப்பில் வரி போடலாம் என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். கரை கைவிட்டுப் போனபிறகு திரும்ப வராது என்பது அவர்களுக்குப் புரிந்தது.

அடுத்த எதிர்வாதம், "படகு வைத்திருப்பவன் பணக்காரன், அவனுக்கு ஏன் பொதுப்பணம்?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜப் பணக்காரனுக்குப் பொதுத்துறை எதற்கு? அவன் வீட்டுப் பின்வாசலிலேயே ஜெட்டி இருக்கிறது. போகிற ஊரில் கிளப் உறுப்பினர் அட்டை இருக்கிறது. மரீனாவில் இரவு தங்க அடிக்கு இத்தனை டாலர் என்று வாங்குவார்கள். அடிக்கு 3 டாலர் என்று வைத்தாலும் 27 அடிப் படகுக்கு ஒரு ராத்திரிக்கு 81 டாலர். அவனுக்கு அது ஒரு தொகையே இல்லை. பழைய படகை வாங்கி, வாரக்கடைசியில் தானே ஓட்டை அடைத்து, தானே பெயிண்ட் அடித்து ஓட்டுகிற பள்ளி ஆசிரியருக்கும் மெக்கானிக்குக்கும்தான் அது வலிக்கும். பொதுத்துறை இல்லாத கரையில் பணக்காரன் எப்படியும் இறங்கிவிடுவான். மற்றவன்தான் நங்கூரத்தோடு நிற்பான்.

கரையை யார் தொடலாம் என்பது இந்த விரிகுடாவில் என்றைக்குமே சின்ன விஷயமாக இருந்ததில்லை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி, அமெரிக்காவையே உலுக்கிய பேச்சாளராக உயர்ந்த ஃபிரடெரிக் டக்ளஸ் இந்தச் செசபீக்கின் கிழக்குக் கரையில் பிறந்தவர். அவருடைய மகன் சார்ல்ஸ் டக்ளஸும் மனைவியும் அனாபலிஸ் அருகே பே ரிட்ஜ் என்ற கரையோர உல்லாச விடுதிக்குச் சாப்பிடப் போனார்கள். கறுப்பர்கள் என்பதால் உள்ளே விடவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்திலேயே கரை நிலத்தை வாங்கி, 1893இல் ஹைலண்ட் பீச் என்ற ஊரையே உண்டாக்கினார். அங்கே அப்பாவுக்கென்று ஒரு வீடு எழுந்தது. தான் அடிமையாகப் பிறந்த எதிர்க்கரையைச் சுதந்திர மனிதனாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. 1895இல் வீடு முடியும் முன்பே அவர் இறந்துபோனார்.

அதே பகுதியில் கார்ஸ் பீச் என்று ஒரு கடற்கரை இருந்தது. வெள்ளையர் கடற்கரைகளில் இடமில்லாத காலத்தில் கறுப்பின மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குளித்து, சாப்பிட்டு, ஆடிய இடம். சக் பெர்ரியும் ஜேம்ஸ் பிரவுனும் பாடிய மேடை. பிரிவினைச் சட்டங்கள் போன பிறகு அந்த நிலமும் கைமாறியது. பெரும்பகுதியில் குடியிருப்புகள் எழுந்தன. மிச்சம் இருந்த சுமார் 5 ஏக்கரை அனாபலிஸ் நகரம் 2022இல் பூங்காவுக்காக வாங்கியது. நிறம் பார்த்து விரட்டிய பலகை போய்விட்டது, சந்தோஷம். ஆனால் காசு பார்த்து விரட்டும் பலகை அதே தண்ணீரின் ஓரத்தில் நிற்கிறது. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கரை பொதுவாக இல்லாத இடத்தில் பலகை எழுதுகிறவன் கைதான் எப்போதும் ஓங்கியிருக்கும் என்பதுதான் விஷயம்.

அடுத்தது, "பணத்துக்கு எங்கே போவது?" இதற்குப் பதில் சுலபம். படகுக்காரர்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேரிலாந்தில் படகு வாங்கினால் விலையில் 5 சதவீதம் வரி. அந்தப் பணம் நீர்வழி மேம்பாட்டு நிதிக்குப் போகிறது. மத்திய அரசிலும் 1998 முதல் ஒரு மானியத் திட்டம் இருக்கிறது. வந்துபோகும் 26 அடிக்கு மேற்பட்ட படகுகளுக்குக் கட்டுமிடம் அமைக்கத்தான் அந்தத் திட்டம். மோட்டார் படகு எரிபொருளுக்கும் தூண்டில் சாமானுக்கும் மக்கள் கட்டும் வரிதான் அதன் மூலதனம். ஆக, நிதி இருக்கிறது, திட்டம் இருக்கிறது. கேட்டு வாங்க ஊர் மன்றத்துக்கு மனசுதான் வேண்டும்.

"வெளியூர்ப் படகு வந்தால் கூட்டம், சத்தம், கழிவு" என்று கரை வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கழிவுக்கு உறிஞ்சி எடுக்கும் நிலையங்கள் கட்டவென்றே 1992இல் தனிச் சட்டம் போட்டு மானியம் கொடுத்து வருகிறார்கள். சத்தத்துக்கு நேரக் கட்டுப்பாடு போடலாம், ராத்திரி தங்கக் கூடாது என்று சொல்லலாம். கூட்டம் என்றால், படகில் வருகிறவன் காரைக் கொண்டுவருவதில்லையே! கோடையில் இந்த ஊர்களின் பெரிய தலைவலி பார்க்கிங். பார்க்கிங்கே கேட்காமல் பர்ஸோடு வரும் விருந்தாளியை எந்த ஊராவது வாசலில் நிறுத்தி விரட்டுமா?

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. அனாபலிஸ் நகரத்தின் நடுவிலேயே சிட்டி டாக் என்ற பொதுத்துறை இருக்கிறது. பெரிய படகுக்காரர்கள் தங்கள் படகைக் காட்டிக்கொள்ளவே அதில் ஒரு சுற்று வருவார்கள் என்பதால் கிண்டலாக ஈகோ ஆலி என்று பெயர். அதே ஊரில் தண்ணீரில் போய் முட்டும் தெருக்களின் முனைகளைச் சின்னச் சின்னப் பூங்காக்களாக விட்டு வைத்திருக்கிறார்கள். நங்கூரம் போட்ட படகிலிருந்து குட்டிப் படகில் வந்து, தெரு முனையில் கட்டிவிட்டு நடந்து போகலாம். எந்த ஹோட்டலிலும் சாப்பிடலாம், சாப்பிடாமலும் இருக்கலாம். கிரேக்கத் தீவுகளில் ஊர்த்துறைச் சுவரில் பின்புறத்தைக் கொடுத்துப் படகைக் கட்டி, ஒரு பலகையைப் போட்டு இறங்கினால் எதிரே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். சுவர் பொது, கடை தனியார். யார் நன்றாகச் சமைக்கிறாரோ அவரிடம் கூட்டம். இதுதானே நியாயமான போட்டி?

நார்வேயில் 1957இல் போட்ட சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பயிர் செய்யாத, வீடில்லாத கரையில் சிறிது நேரத்துக்கு யார் வேண்டுமானாலும் படகை இழுத்து வைக்கலாம், பாறையில் அடித்திருக்கும் வளையத்தில் கயிறு கட்டலாம். தனியார் ஜெட்டியை மட்டும் கேட்காமல் தொடக் கூடாது. ஜஸ்டினியன் சொன்ன அதே கயிறு! அதனால் நார்வேயில் சொத்துரிமை செத்தா போய்விட்டது?

இதெல்லாம் இப்போது ஏன்? ஏனென்றால் செசபீக்கின் கரைச் சுவர்கள் எப்படியும் இடித்துக் கட்டப்படப் போகின்றன. கடந்த ஒரு நூற்றாண்டில் அங்கே கடல் சுமார் ஓர் அடி உயர்ந்திருக்கிறது. அனாபலிஸ் சிட்டி டாக் தெருவில் மழையே இல்லாத நாளிலும் தண்ணீர் நிற்கிறது. ஊர் ஊராகச் சுவரை உயர்த்தப் பொதுப்பணம் கொட்டப்படும். பால்டிமோரில் 2024 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் துறைமுகத்தின் பூங்கா நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்ட வழிவிட்டாகிவிட்டது. வரைபடங்கள் மேஜையில் விரிந்து கிடக்கும் நேரம் இது. இப்போது வரையாத படிக்கட்டு இன்னும் ஐம்பது வருஷத்துக்கு வராது.

கேட்பது மிகச் சின்னது. பொதுப்பணத்தில் சுவர் கட்டும் ஒவ்வொரு கரையூரும் அதில் நூறு அடியைப் பொதுவுக்கு ஒதுக்கட்டும். ஆறடி ஆழம், கயிறு கட்ட இரும்பு முளைகள், ஏற ஓர் ஏணி, நாலு மணி நேரம் இலவசம், இடிமழை நேரத்தில் கணக்கில்லை. தண்ணீரில் முடியும் ஒவ்வொரு தெருமுனையிலும் குட்டிப் படகு கட்ட ஒரு வளையம். அவ்வளவுதான். ஹோட்டல் ஜெட்டிகளும் இருக்கட்டும், மரீனாக்களும் இருக்கட்டும். ஆனால் ஊருக்குள் வருவதற்கு ஊரே ஒரு வாசல் வைத்திருக்க வேண்டும்.

அதுவரைக்கும் தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்த 27 அடிப் படகில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும் இரண்டு பிள்ளைகளிடம் போய் அதைச் சொல்லட்டும். போவதற்கு முன்னால் படகை எங்கே கட்டுவது என்றும் யோசித்துக்கொள்ளட்டும்.